எந்த ஊரு தம்பி?



காலாப்பட்டில் இரண்டு பெரிய மதில்கள் இருக்கின்றன. ஒன்று மத்திய சிறைச்சாலை, இன்னொன்று மத்தியப் பல்கலைக்கழகம். புதுச்சேரி பேருந்து நிலையத்தில் ஏறி முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் இரண்டும் வரும். சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தை நீக்கச் சொல்லி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அறையில் இருக்கும் பதிவேட்டை எந்த நீதிமன்றமும் திருத்த முடியாது. அது எழுத்தில் இல்லை. "எந்த ஊரு தம்பி?" என்ற கேள்வியில் இருக்கிறது.

தப்பான கேள்வி ஒன்றும் இல்லை. மனுசனை மனுசன் கேட்பதுதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் படிக்கட்டு உண்டு. "விழுப்புரம் பக்கம் சார்." "விழுப்புரத்துல எங்கப்பா?" "திருவக்கரை போற வழியில சார்." "அங்க நமக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களே, ரைஸ்மில் வச்சிருக்காங்க, தெரியுமா?" "தெரியும் சார்." "அவங்க தெருவா நீ?" பையன் கொஞ்சம் நிற்கிறான். "இல்ல சார். நாங்க கொஞ்சம் தள்ளி." அவ்வளவுதான், முடிந்தது. பேராசிரியர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. "சரி, நல்லா படி" என்பார். அடுத்து உள்ளே போகிறவன் அந்தத் தெருவாகவோ அதைப் போன்ற இன்னொரு தெருவாகவோ இருப்பான். கால் மணி நேரம் பேசுவான். வெளியே வரும்போது கையில் ஒரு புத்தகம் இருக்கும்.

யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இது வராது. ஒருவனுக்குப் பேராசிரியர் 'தெரிஞ்சவர்' ஆகிவிட்டார், இன்னொருவனுக்கு ஆகவில்லை. இந்தச் சின்ன வித்தியாசம் ரெண்டு வருசத்தில், அஞ்சு வருசத்தில் என்னவாக வளர்கிறது என்பதைத்தான் இந்தத் தலையங்கத்தில் பேசுகிறோம்.

சில தோழர்கள் கோபப்படுவார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிதண்ணித் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள், இன்னமும் எத்தனையோ ஊரில் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, நீங்க என்னடான்னா வாத்தியாரோட பழகுறதப் பத்தி எழுதுறீங்களே என்பார்கள். எழுதத்தான் வேண்டியிருக்கிறது தோழர். ஒவ்வொரு வருசமும் நம் சேரிகளிலிருந்து பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். ஆட்டை வித்து, தோட்டை அடகு வச்சு, மகளிர் குழுவில் கடன் வாங்கி அனுப்புகிறோம். எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறோம். எத்தனை பேர் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்ற கணக்கு நம்மிடமே இல்லை. திரும்பி வந்தவன் வாயைத் திறப்பதும் இல்லை. "புடிக்கலண்ணா, வந்துட்டேன்" என்பதோடு சரி. அந்த 'புடிக்கல'க்குள் ஒரு பேராசிரியரின் அறைக்கதவு மூடிக்கிடக்கிறது.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுவோம். 1985இல் பாராளுமன்றச் சட்டத்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வரும்வரைக்கும், தாகூர் கலைக் கல்லூரி போன்ற இந்த ஊர்க் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. கேள்வித்தாள் அங்கிருந்து வரும். விடைத்தாளை யாரோ, எங்கேயோ திருத்துவார்கள். திருத்துகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பதிவு எண். அந்த முறையில் ஆயிரம் ஓட்டை உண்டு. நோட்ஸை மனப்பாடம் பண்ணிக் கக்குகிறவனுக்குத்தான் மதிப்பெண். ஆனாலும் பதிவு எண்ணுக்குத் தெரு கிடையாது. 'கொஞ்சம் தள்ளி' இருக்கிற பதிவு எண் என்று ஒன்று கிடையாது.

இப்போது நடப்பது பருவமுறை, கிரெடிட் முறை. நூற்றுக்கு நாற்பது உள்மதிப்பீடு. கருத்தரங்கக் கட்டுரை, ஒப்படைப்பு, வகுப்பில் பேசுவது எல்லாவற்றுக்கும் பாடம் நடத்துகிறவரே மார்க் போடுகிறார். நல்ல முறைதான். மனப்பாடத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். பழைய தேர்வே திரும்பி வரட்டும் என்று நாம் சொல்லவில்லை. வகுப்பில் எழுந்து நின்று தன் ஊரின் கதையைச் சொல்லி வாதாடுகிற நம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிகாரம் தாளிலிருந்து முகத்துக்கு இடம் மாறியிருக்கிறது. முன்பு வாத்தியாரைத் தெரியாமலே ஒருவன் முதல் வகுப்பில் தேறலாம். இன்று அது கஷ்டம். பேராசிரியரைத் தெரிந்திருப்பது படிப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. பாடத்திட்டத்தில் எழுதாத பாடம் அது. நிலத்தைப் போல அதுவும் சிலருக்குப் பரம்பரையாக வருகிறது. அப்பா பேராசிரியர், மாமா கல்லூரி முதல்வர், சித்தப்பா துறைத்தலைவரோடு படித்தவர். நம் பையனுக்கு அந்தப் பட்டா இல்லை.

முனைவர் பட்டத்துக்குப் போனால் இது இன்னும் இறுகும். கைடு என்கிற நெறியாளர் இல்லாமல் ஆய்வாளன் இல்லை. உதவித்தொகைக்கு அவர் கையெழுத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆய்வுக் குழுவில் அவர் வார்த்தை. கட்டுரை வெளியிட, கருத்தரங்குக்குப் போக, கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளிலும் 2022 விதிகளிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டலாம். கைடின் இடம் எண்ணிச் சொல்லக்கூடிய ஒன்று என்று இதற்கு அர்த்தம். ரேசன் கடைச் சரக்கைப் போல பலகையில் எழுதி வைக்கலாம். யாரிடம் எத்தனை இடம், எத்தனை காலி. பெரும்பாலான துறைகளில் இந்தப் பட்டியல் பேராசிரியர்களின் மனசில்தான் ஒட்டியிருக்கிறது. "எடம் இல்லியேப்பா" என்று ஒருவர் சொன்னால் அது நிஜமா பொய்யா என்று கேட்கப் பையனுக்கு வழி கிடையாது.

எடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் செந்தில்குமார். பன்றி வளர்க்கும் பன்னியாண்டிச் சாதியில் பிறந்து, அங்கிருந்து இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு வரைக்கும் வந்தவர். அந்தத் தூரத்தை அளக்க இயற்பியலில் அலகு கிடையாது. 2007இல் சேர்ந்தார். கைடு ஒதுக்கப்படவில்லை. உதவித்தொகையும் சிக்கலில் மாட்டியது. 2008 பிப்ரவரியில் விடுதியில் இறந்துபோனார். பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் பல்கலைக்கழகமே ஒரு குழுவைப் போட்டு விசாரித்தது. அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படாததையும், துறை நடைமுறைகள் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு எதிராக இருப்பதாக மாணவர்கள் உணர்ந்ததையும் அந்த அறிக்கை பதிவு செய்தது. எட்டு வருசம் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா.

அதற்கு முந்தின வருசம், 2007இல், சுக்தேவ் தோரட் குழு தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் விசாரித்துக் கொடுத்த அறிக்கை இருக்கிறது. மாணவத் தோழர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். குழு சந்தித்த தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் மதிப்பீடு நியாயமாக இல்லை என்றவர்கள் ஏறத்தாழ 84 விழுக்காடு. 85 விழுக்காட்டினர் சொன்னது இன்னும் முக்கியம்: மேல்சாதி மாணவர்களுக்குத் தருகிற அளவு நேரத்தைத் தேர்வாளர் எங்களுக்குத் தருவதில்லை. நேரம்! கால் மணி நேரம் பேசிவிட்டுப் புத்தகத்தோடு வெளியே வந்தானே ஒருவன், அந்தக் கால் மணி நேரம்தான் இது. தீண்டாமை இப்போது கடிகாரத்திலும் ஏறிக்கொண்டிருக்கிறது.

தோரட்டின் பரிந்துரையைத்தான் சேலத்து முத்துக்கிருஷ்ணன் தன் கடைசிப் பதிவில் நினைவுபடுத்தினார். தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இடம்பிடிக்கத் திரும்பத் திரும்ப முயன்று உள்ளே நுழைந்தவர். ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் மறுக்கப்படுகிறது என்று எழுதினார். 2017 மார்ச் 13ஆம் தேதி இறந்துகிடந்தார். எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்கிறவர்கள் நேர்முகத்தில் சரிகிறார்கள் என்பதைப் பார்த்து, அதே பல்கலைக்கழகத்தின் அப்துல் நாஃபே குழு 2016இல்தான் வாய்மொழி மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கச் சொல்லியிருந்தது. மானியக் குழுவோ அதே 2016இல் எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, முழுச் சேர்க்கையையும் நேர்முகத்தின் கையில் கொடுத்தது. 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்த வேண்டியிருந்தது. 2022 விதிகளில் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30. அந்த முப்பதில்தான் "எந்த ஊரு தம்பி" உட்கார்ந்திருக்கிறது.

தில்லியையும் ஐதராபாத்தையும் திட்டிவிட்டு நம் ஊர்த் தமிழ்த்துறைகளை விட்டுவிட்டால் அது பாரபட்சம். அங்கே ஆங்கிலத்தின் மிரட்டல் கிடையாது. 'மே ஐ கம் இன்' தேவையில்லை. 'அய்யா' போதும். ஆனால் அந்த 'அய்யா'வை நம் அப்பன் எங்கே சொல்லிப் பழகினான்? களத்து மேட்டில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. அதே குனிவைப் பையன் பட்டம் வாங்கும் இடத்தில் தொடர வேண்டியிருக்கிறது. அய்யா வீட்டு விசேசத்துக்குப் பந்தி பரிமாறுவது, அய்யா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கரண்ட் பில் கட்டுவது, அய்யா புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பது, வெளியீட்டு விழாவுக்கு நாற்காலி போடுவது. எடுபிடி வேலைக்கு நம்ம ஆளுதான் முதலில் கூப்பிடப்படுவான், கட்டுரைக்கு இணையாசிரியராகக் கூப்பிடப்படுகிறவன் வேற ஒருத்தனாக இருப்பான். எல்லாப் பேராசிரியரும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு வழக்கமே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய துறைகள் எத்தனை?

வைவா விருந்தைச் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வன்று வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவதும், புறத்தேர்வாளருக்கு அறை, கார், பொன்னாடை, பழத்தட்டு எல்லாம் ஆய்வாளன் செலவில் நடப்பதும் ரொம்ப இடங்களில் எழுதப்படாத சட்டம். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. எங்கள் ஆசிரியர் குழுத் தோழர் ஒருவர் தன் வைவாவுக்கு அம்மாவின் கம்மலை அடகு வைத்தார். எந்த ஊர், எந்தத் துறை என்பது வேண்டாம். அந்த அம்மா அன்று விழா அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்தியில் எல்லாரும் எழுந்த பிறகுதான் சாப்பிட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தானாகவே அப்படிச் செய்தார். தானாகவே செய்ய வைப்பதற்குப் பெயர்தான் கருத்தியல் என்று பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறோம்.

இதையெல்லாம் பார்த்து நம் பிள்ளைகள் இன்னொரு பக்கம் சாய்கிறார்கள். "எவன் ரூமுக்கும் போக மாட்டேன், எவனையும் போய் நிக்க மாட்டேன். கிளாசுக்குப் போனமா, பரீட்சை எழுதுனமான்னு இருப்பேன்." சுயமரியாதை என்று நினைத்து இதைச் செய்கிறார்கள். அந்த ரோசம் நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊர் நம்மை ஒதுக்கி வைத்தது, நாமே ஒதுங்கிக்கொண்டால் ஊருக்கு வேலை மிச்சம். பேராசிரியர் அறை என்பது அவர் வீட்டுத் திண்ணை கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் கட்டி, மின்விசிறி போட்டு, சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிற இடம். நம் அப்பன் வாங்குகிற தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது.

பாபாசாகேப் எப்படிப் பழகினார் என்று பார்ப்போம். அவரைச் சிலையாகவே பார்த்துப் பழகிவிட்டதால் அவரும் ஒரு மாணவராக இருந்தார் என்பது மறந்துபோகிறது. பம்பாயில் ஒரு தோட்டத்தில் தினமும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனைக் கவனித்துப் பேச்சுக்கொடுத்தவர் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். 1907இல் மெட்ரிக் தேறியபோது, தான் எழுதிய புத்தர் வரலாற்றைக் கையில் கொடுத்தவரும் அவர்தான். பிறகு பரோடா மன்னர் சாயாஜிராவிடம் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்புக்கு மாதம் 25 ரூபாய்க்கு வழி செய்தார். அறிவு அம்பேத்கருடையது. ஆனால் அந்த அறிவைச் சரியான வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு வாத்தியாரின் அறிமுகம்.

1913இல் நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். டூயி, செலிக்மன், ஷாட்வெல் என்று பெரிய தலைகள். 1916 மே மாதம் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் சாதிகளைப் பற்றிய கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயசு 25. எந்த ஊரு, எந்தத் தெரு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. (அமெரிக்கா யோக்கியமான நாடு என்று இதற்கு அர்த்தமில்லை. கறுப்பின மக்களிடம் அவன் கேட்ட கேள்விகளின் பட்டியல் நீளம்.) 1920இல் மறுபடி லண்டன் போனபோது செலிக்மன் லண்டனில் இருந்த ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய நூலுக்கு 1923இல் முன்னுரை எழுதினார் எட்வின் கேனன். அந்த முன்னுரையில் கேனன் என்ன சொல்கிறார் தெரியுமா? இந்த நூலின் விமர்சனங்களில் தனக்கு நிறைய உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டுத்தான் நூலின் புத்துணர்ச்சியைப் பாராட்டுகிறார். உடன்பாடில்லாத மாணவனின் புத்தகத்துக்கு ஆசிரியர் முன்னுரை எழுதுகிறார். நம் ஊரில் உடன்படாத மாணவனுக்கு என்ன எழுதுவார்கள் என்பதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் வாங்கிக்கொண்டு வந்தவருக்கு பம்பாய் என்ன கொடுத்தது? முதல் வெளிநாட்டுப் படிப்பு முடிந்து 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். மாணவனைத் தள்ளி வைக்கிற அந்தக் 'கொஞ்சம் தள்ளி' பேராசிரியரையும் விடாது.

அதனால்தான் பேராசிரியர் பட்டியலில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை ஒரு வேலையாகச் செய்ய வேண்டும். 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், 2018 மார்ச்சில் மானியக் குழு சுற்றறிக்கை என்று ஒரு சூழ்ச்சி நடந்தது. இட ஒதுக்கீட்டுக்கு முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே அலகாக எடுக்காமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடு என்றார்கள். பதின்மூன்று புள்ளிப் பட்டியலில் தாழ்த்தப்பட்டவருக்கு ஏழாவது இடம், பழங்குடியினருக்குப் பதினாலாவது இடம். நாலு பேர் இருக்கிற துறையில் ஏழாவது இடம் என்றைக்கு வரும்? நாடு முழுக்கப் போராடித்தான் 2019இல் சட்டம் கொண்டுவரப்பட்டு அது முறியடிக்கப்பட்டது. சட்டம் வந்த பிறகும் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி இடத்தைக் காலியாக வைக்கிற வித்தை பல்கலைக்கழகங்களுக்குக் கைவந்த கலை.

இந்தப் புதுச்சேரியில் நமக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று காலாப்பட்டில், சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில். இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்து, இன்குலாப்பின் 'மனுசங்கடா'வை ஊர் ஊராகப் பாடி, 'பலி ஆடு' நாடகம் எழுதி, 'வடு' என்று தன் வரலாற்றை எழுதிய கே.ஏ. குணசேகரன் அங்கே பேராசிரியராக இருந்தார். இன்னொன்று லாஸ்பேட்டையில், காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையத்தில். அங்கே தமிழ் நடத்தியவர் ராஜ் கௌதமன். 'தலித் பண்பாடு' எழுதி 1990களில் நம் எல்லாருடைய பேச்சையும் மாற்றியவர். படித்த தலித் கிறித்தவ இளைஞன் வேலைக்கு அலைகிற அலைச்சலை 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் சிரித்துக்கொண்டே எழுதியவர். ஒரு தலித் மாணவன் தன் தெருவின் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரக்கூடிய அறைகள் இவை. அது எவ்வளவு பெரிய விசயம் என்பது அப்படி ஓர் அறை கிடைக்காதவனுக்குத்தான் தெரியும்.

குணசேகரன் 2016 ஜனவரி 17ஆம் தேதி மறைந்தார். தேதியைக் கவனியுங்கள். ரோகித் வெமுலா இறந்ததும் அதே நாள்தான். ஒரு பல்கலைக்கழக நகரில் தலித் பேராசிரியர், இன்னொன்றில் தலித் மாணவர். ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் போய்விட்டார். அவர்கள் எழுதியது இருக்கிறது, அறைகளில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இன்றிருக்கிற தலித் பேராசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் மேல் சுமை அதிகம் என்பது தெரியும். எல்லா மாணவர்களின் பிரச்சனையும் உங்கள் கதவைத்தான் தட்டுகிறது, பதவி உயர்வுக்கு அது ஒரு புள்ளியும் சேர்க்காது. 'இவர் அவங்க ஆளு' என்ற முத்திரைக்குப் பயந்து சிலர் நம் பிள்ளைகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறீர்கள். அந்தப் பயம் புரிகிறது. பிள்ளைகளுக்குப் புரியாது தோழர், அவர்களுக்கு உங்கள் முதுகுதான் தெரிகிறது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் 'பழகுதல்' வேறு மாதிரி. பையன் பேராசிரியர் அறையில் அரை மணி நேரம் இருந்தால் ஆர்வமுள்ள மாணவன். பெண் இருந்தால் வராந்தா முழுக்கப் பேச்சு. அதுவும் தலித் பெண் என்றால் பேசுகிற வாய்க்கு அளவே கிடையாது, தொந்தரவு கொடுக்கிறவனுக்கும் துணிச்சல் கூடுதல். 2015ஆம் வருச விதிகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் இருப்பவர்களின் பெயர் முதல் நாளே ஒவ்வொரு மாணவி கையிலும் இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துப் பேசு என்று மாணவியிடம் சொல்வதை விட்டுவிட்டு, பேராசிரியரிடம் சொல்லிப் பழகுங்கள்.

சரி, என்ன செய்வது? புதுசாக வருகிற தம்பி தங்கைகளுக்கு எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

மானியக் குழுவின் விதிகளில், ஆசிரியர் தினமும் குறைந்தது 5 மணி நேரம் நிறுவனத்தில் இருந்தாக வேண்டும் என்று இருக்கிறது. 2018 விதிகளின்படி வாரத்துக்கு வகுப்பெடுக்கும் நேரம் பேராசிரியருக்கு 14 மணி, உதவிப் பேராசிரியருக்கு 16 மணி. மிச்ச நேரத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆகவே 'சார் ஃப்ரீயா இருக்கீங்களா' என்று கெஞ்ச வேண்டாம், 'எப்ப வரட்டும் சார்' என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் மாணவரைச் சந்திக்கும் நேரத்தை அறைக்கதவில் எழுதி ஒட்ட வேண்டும் என்று துறைக்கு மனு கொடுங்கள். இப்படி ஒரு துண்டுத்தாள் ஒட்டுவது பெரிய புரட்சி ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தத் தாள் ஒட்டிய கதவைத் தட்டும்போது கை நடுங்காது.

போகும்போது ஒரு கேள்வியோடு போங்கள். நேற்று நடத்திய பாடத்தில் புரியாத ஒரு வரி, அவர் எழுதிய கட்டுரையில் ஒத்துக்கொள்ள முடியாத ஓர் இடம். ஆனந்தரங்கப்பிள்ளை நூலகத்தில் அவர் புத்தகம் இருந்தால் படித்துவிட்டுப் போங்கள். முதல் ரெண்டு தடவை இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போனால் பேச்சு ஊர் விசாரிப்பில்தான் முடியும். ஆங்கிலம் வரவில்லையென்றால் தமிழில் கேளுங்கள். பிரெஞ்சில் 'ஒளியை நோக்கி' என்று எழுதிவைத்திருக்கிற பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் இல்லாமல் போய்விடாது. "எந்த ஊரு" என்று கேட்டால் ஊரைச் சொல்லுங்கள். அடுத்த படியில், "எங்க தெரு அம்பேத்கர் சிலைக்கு எதுத்தாப்ல சார்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, பாடத்துக்கு வாருங்கள். அவர் முகம் மாறுகிறதா என்பது அவர் கவலை.

உதவித்தொகைப் பிரச்சனைக்கு நிர்வாகக் கட்டடத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு அம்பேத்கர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். படியேறும்போது பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். கொடுத்த மனுவுக்கு நகலும் தேதி முத்திரையும் வாங்காமல் இறங்காதீர்கள். 2012இலேயே மானியக் குழு சமத்துவ விதிகளைக் கொண்டுவந்தது, அவை தாளில் தூங்கியதால்தான் 2019இல் ரோகித்தின் தாய் ராதிகாவும் பாயல் தத்வியின் தாய் ஆபிதாவும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் போக வேண்டியிருந்தது.

காலாப்பட்டிலும் லாஸ்பேட்டையிலும் படிக்கிற தோழர்களிடம் இந்த இதழ் ஒரு வேலை கேட்கிறது. உங்கள் துறையில் யாரிடம் எத்தனை ஆய்வாளர்கள், 8, 6, 4 கணக்கில் எத்தனை இடம் காலி, அதில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி ஆய்வாளர் எத்தனை பேர், சேர்ந்து எத்தனை மாதம் கழித்துக் கைடு கிடைத்தது என்று எழுதி அனுப்புங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டினால் கேட்டு வாங்கலாம், அந்தப் பத்து ரூபாயை நாங்கள் தருகிறோம். முதல் நாள் பேராசிரியர் அறையில் உங்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் பெயரும் போடமாட்டோம், அவர்கள் பெயரும் போடமாட்டோம். கேள்விகளை மட்டும் வரிசையாக அச்சடித்து அடுத்த சேர்க்கையின்போது வாசலில் நின்று கொடுப்போம்.

- ஆசிரியர் குழு